ஒரு தண்ணி குறைந்த ஆர்.என்.ஏ.

எனக்கு நீங்கள் வைத்த விடைபெறும் விருந்தன்று, பிரியாணி வருவதற்குள், உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "மேடம், இத்தனை வருஷத்துல நீங்க செஞ்ச பெரிய தப்பு எது?" மற்றவர்கள் எல்லாரும் அவளை முறைத்தீர்கள். ஒருவர் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார், நான் பார்த்தேன். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. பிறகு சால்வை, போட்டோ என்று நேரம் போய்விட்டது. இப்போது வீட்டில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டவளுக்குச் சொல்கிறேன், முறைத்தவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கனவு காண்கிற ஜென்மம். தென்னேரியில் பிறந்தவளுக்குத் தண்ணீரைப் பார்த்தால் கண் சொக்கும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருக்க, நான் வரப்பில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆய்வகத்தில் வேலைக்கு வந்த பிறகும் அது போகவில்லை. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஸ்ரீபெரும்புதூர் பஸ், ஜன்னலோரம் ஒரு சீட்டு. பனி மூடிய வயலைப் பார்த்தபடி அரைத் தூக்கத்தில் போவேன். அந்த அரைத் தூக்கத்தில் எனக்கு வந்த நல்ல யோசனைகள் பல. முட்டாள்தனமான யோசனைகள் அதைவிடப் பல.

ஆர்.என்.ஏ. வேலைக்குக் கனவு காண்கிறவர்கள் தாராளமாக வரலாம். அலசும்போது மட்டும் விழித்திருக்க வேண்டும்.

பொங்கல் முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் நான் போனபோது ஆய்வக வாசல் பெஞ்சில் ஒருவர் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நகக்கண்ணில் அரக்கு நிறம் ஏறியிருந்தது, விரல் இடுக்கில் பச்சை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைக் கை.

"காஞ்சிபுரமாபா?" என்றேன்.

"ஆமா மேடம். பிள்ளையார்பாளையம்."

"நான் செவிலிமேடு."

அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. ஊர்க்காரியைப் பார்த்துவிட்டால் பாதி பாரம் இறங்கும் என்பது உண்மைதான். பெயர் குமரன். வீட்டில் அப்பாவும் அண்ணனும் தறியில் உட்கார, இவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். பெட்டிக்குள், பனிக்கட்டிக்கு நடுவே, அவர் மகளின் இரத்தம் இருந்தது. மூன்று மாதக் குழந்தை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துப் படுத்திருந்தது. ஈரல் வேலை செய்யவில்லை.

அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா முந்தின நாளே எனக்கு போன் செய்திருந்தார். குழந்தைகளின் ஈரல் நோயை மட்டுமே பார்ப்பவர், அளந்து பேசுகிறவர். பச்சைக் குழந்தைகளின் ஈரலைக் கெடுத்து, சில மாதத்தில் தானே தணியக்கூடிய ஒரு அபூர்வ நோய் உண்டு; அந்த நோய்க்கான ஜீனில் ஒரு மாற்றம் தெரிந்திருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியிலும் அதே மாற்றம். குமரன் கட்டியிருந்தது சொந்த அக்காள் மகளை. அதைச் சொல்லி யாரும் குத்திக்காட்ட வேண்டாம், அந்த வீட்டில் ஏற்கெனவே நிறையப் பேர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த மாற்றத்தை அதுவரை யாருமே பார்த்ததில்லை. அது நோயைக் கொடுப்பதா, ஒன்றும் செய்யாததா என்று ரிப்போர்ட்டால் சொல்ல முடியவில்லை.

"அந்த நோய்தான்னா காத்திருக்கலாம்," என்றார் டாக்டர். "மருந்து ஏற்கெனவே போயிட்டிருக்கு, அதுல நஷ்டமில்ல. வேற ஏதாவதுன்னா காத்திருந்தா குழந்தை போயிடும். அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு இடம் வச்சிருக்கேன். அம்மாவோட ஈரல்ல ஒரு துண்டு எடுத்துக் குழந்தைக்கு வைக்கணும். ரெண்டு உயிர மேசையில ஏத்தறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். நீங்க ஆர்.என்.ஏ.வையே பாத்துச் சொல்ல முடியுமா?"

முடியும் என்றேன். வியாழக்கிழமைக்குள் என்றும் சொன்னேன். யாரும் கேட்காத அந்த வியாழக்கிழமையை நானாகத்தான் சொன்னேன்.

குமரன் உடனே கிளம்பவில்லை. பெட்டியைக் கொடுத்த பிறகும் கை அப்படியே பெட்டியைப் பிடித்த வாக்கில் இருந்தது. "இதுல இன்னா பாப்பீங்க மேடம்?" என்று கேட்டார். உங்களுக்கெல்லாம் தெரிந்த பாடம்தான். ஆனால் அவருக்கு அன்று நான் சொன்னதுதான் என் வாழ்க்கையில் நான் நடத்திய ஒரே உருப்படியான வகுப்பு.

"டி.என்.ஏ.ன்றது மூலம்பா. அதப் பாத்து செல்லு ஒரு நகல் எடுக்கும், அதுதான் ஆர்.என்.ஏ. நகல் எடுத்ததோட வேல முடிஞ்சிடாது. இப்ப கல்யாணப் பத்திரிக பிரஸ்ல இருந்து வருது. வந்ததும் அப்படியே தூக்கிக் குடுத்துடுவமா?"

"மூலைக்கு மஞ்சள் தடவுவோம்."

"மஞ்சள் தடவினா எழுத்து மாறுதா?"

"எழுத்து மாறாது. தடவாம குடுத்தா எடுத்துக்க மாட்டாங்க."

"அதேதான் இங்கயும். நகல் எடுத்த பிறகு செல்லு அதும்மேல அங்கங்க சின்னச் சின்னதா ஏதாவது வைக்கும். நூத்துக்கு மேல தினுசு இருக்குது. எழுத்து அதே எழுத்துதான், ஆனா வைக்கலன்னா வேல ஓடாது. செல்லுக்குள்ள சத்த சக்தியா மாத்தற எடம் ஒண்ணு இருக்குது. அங்க இருக்கற குட்டி ஆர்.என்.ஏ. சிலதுக்குக் கந்தகம் வைக்கணும். ஒரே ஒரு எழுத்துல, ஒரே ஒரு கந்தகம். அத வைக்கற ஆளு உங்க பாப்பாவுக்குச் சரியில்லையோன்னு டாக்டருக்கு சந்தேகம்."

அவர் பெட்டியை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அந்தக் கந்தகம் இல்லன்னா ஈரல் பூடுமா?"

"பச்சக் குழந்தைக்குத் தேவையான கந்தகச் சத்த ஒடம்பு தானா செய்ய மொதல்ல சில மாசம் ஆவும். அது வரைக்கும்தான் கண்டம். அதத் தாண்டிட்டா, இருக்கறத வச்சி அரகொறையா வேல செய்ற ஆளுகூட சமாளிச்சிடுவான். ஈரல் தானா தேறும். அப்படித் தேறின குழந்தைங்க இருக்குது."

"அப்ப அந்த நோவாவே இருக்கட்டும் மேடம்," என்றார் குமரன். தன் குழந்தைக்கு ஒரு நோய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட தகப்பனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவருக்காகவே அது அந்த நோயாக இருக்க வேண்டும் என்று நானும் அந்த நிமிஷம் ஆசைப்பட்டேன். அந்த ஆசையோடுதான் பெட்டியைத் திறந்தேன்.

செய்முறை உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஜெல் என்ற கூழ்ப்பலகையில் பாதரசம் கலந்து, அதில் ஆர்.என்.ஏ.வை மேலிருந்து கீழே ஓடவிடுவோம். கந்தகம் ஏறிய ஆர்.என்.ஏ. பாதரசத்தைப் பிடித்துக்கொண்டு மேலேயே தங்கும், கந்தகம் இல்லாதது விறுவிறுவென்று கீழே போய்விடும். அவ்வளவுதான் பரிசோதனை. மேலே நிற்கிறதா, கீழே போகிறதா?

இரத்தம் கொஞ்சம்தான் இருந்தது. பிரித்தெடுத்த பிறகு குழாயின் அடியில் ஆர்.என்.ஏ. கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு தடவை ஆல்கஹாலில் அலசினேன். இரண்டாவது தடவை அலசினால் இருக்கிற கொஞ்சமும் வழிந்துபோய்விடுமோ என்று பயமாக இருந்தது. விட்டுவிட்டேன். பக்கத்தில் வைத்து ஒப்பிட ஆரோக்கியமானவர் ஆர்.என்.ஏ. வேண்டும். அதற்கு ஃப்ரீசரில் போன மாதம் எடுத்து வைத்திருந்த பழைய குழாயை எடுத்துக்கொண்டேன். நேரம் மிச்சம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மதியம் ஜெல்லின் படம் வந்தது. பழைய குழாயின் ஆர்.என்.ஏ. மேலே நின்றது. குழந்தையுடையது முழுக்கக் கீழே போயிருந்தது. கந்தகமே இல்லை. டாக்டருக்கு போன் செய்தேன், அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அளந்து பேசுகிறவர் அன்று இரண்டு தடவை நன்றி சொன்னார். மாலையில் திங்கட்கிழமை ஆபரேஷன் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டதாக அவரே சொன்னார். நான் பஸ்ஸில் ராஜாவைப் போல உட்கார்ந்து வந்தேன். ஏரிமேல் சாயங்கால வெளிச்சம் கிடந்தது. உலகத்தில் எல்லாக் குழந்தைகளும் பிழைத்துக்கொண்டது போல எனக்கு ஒரு மயக்கம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, அதே பஸ்ஸில் குமரன் ஏறினார். பெற்றவர்கள் இரத்தமும் வேண்டும் என்று டாக்டர் கேட்டிருந்ததால் தன்னுடையதைக் கொடுக்க வந்துகொண்டிருந்தார். எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். மூன்று நாளைக்கு முன் பார்த்த ஆளே இல்லை. வீட்டில் அடுப்பு எரிந்ததைச் சொன்னார். மனைவி சுகன்யா ஆஸ்பத்திரியில் இட்லி சாப்பிட்டதைச் சொன்னார். நான் பாதி கேட்டேன், பாதி ஜன்னலுக்கு வெளியே இருந்தேன். வெளியே பனி அப்படி ஒரு பனி. பனைமரங்கள் அடிப்பாகம் இல்லாமல் நின்றன.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளுபா."

"உங்க பைல இருந்து ஒரு வாடை வருது. அன்னிக்கி உங்க லேபுலயும் இதே வாடைதான். அழுவின முட்ட மாதிரி."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பையில் என் கோட்டு இருந்தது, துவைக்க வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைக்காமலே திரும்பக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். ஆய்வகக் கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று உங்களை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். நான் யோக்கியமா என்று யாரும் கேட்டதில்லை. "அது ஒரு மருந்துபா," என்றேன். "ஆர்.என்.ஏ. சீக்கிரம் கெட்டுப்பூடும். அது கெடாம இருக்க, செல்ல ஒடைக்கறப்ப அத ஊத்துவோம்."

"முட்ட வாடைன்னா அதுலயும் கந்தகம் இருக்குதா?"

"இருக்குது."

"எங்க பட்டறையில ஹைட்ரோஸ்னு ஒண்ணு இருக்குது மேடம். கலர் தப்பாப் பூட்டா அதப் போட்டு எறக்குவோம். அதுவும் கந்தக சாமான்தான், மூக்கப் புடுங்கும். எறக்கினப்பறம் நாலு தண்ணி அலசணும். ஒரு தண்ணி கொறஞ்சா போச்சி, அடுத்த கலர் ஏறவே ஏறாது. புதுசா வந்தவங்க நூலு மட்டம்னு சொல்லுவாங்க. நூலு மேல ஒரு தப்பும் இருக்காது, மிச்சம் நின்ன ஹைட்ரோஸ் சாயத்தத் தின்னுப்புடும்." சொல்லிவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார். "நீங்க கந்தகத்தத் தேடற எடத்துலயே கந்தகத்த ஊத்தறீங்களே, அத எத்தினி தண்ணி அலசுவீங்க?"

நான் விரலை மடக்கி எண்ணினேன்.

எப்போதும் அலசுவது இரண்டு. அன்று அலசியது ஒன்று. பழைய குழாய் இரண்டு தண்ணியும் கண்டது. குழந்தையின் குழாயில் மிச்சம் நின்ற மருந்து பாதரசத்தை முதலில் போய்ப் பிடித்துக்கொண்டிருந்தால், ஆர்.என்.ஏ.வில் கந்தகம் இருந்திருந்தாலும் அதற்குப் பிடிக்க இடம் இருந்திருக்காது. ஆரோக்கியமான குழந்தையுடையதுகூடக் கீழேதான் போயிருக்கும். நூலைக் குறை சொன்ன புதுப் பையன் நான்தான். நான் பார்த்த படம் அந்தக் குழந்தையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் தப்பு அலசலோடு முடிந்திருந்தால் அதை ஒரு சிரிப்புக் கதையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அந்தப் பஸ்ஸில் நான் கால் மணி நேரம் பேசாமல் இருந்தேன். ராஜகுளம் ஸ்டாப் தாண்டிப் போயிற்று. என் தலைக்குள் ஒரு குரல் வெகு நிதானமாகப் பேசியது. முடிவு சரியாகவே இருக்கலாம் அல்லவா? ஜீனும் சந்தேகத்துக்கு இடமானதுதானே? மருந்து போய்க்கொண்டுதானே இருக்கிறது? சத்தமில்லாமல் இன்னொரு தடவை செய்து பார், மாறினால் மட்டும் சொல். இப்போது எதற்கு எல்லாரையும் கலக்க வேண்டும்? அந்தக் குரல் கெட்ட குரல் போலவே இல்லை. என் குரல் போல, மிக அன்பாக இருந்தது. பனியில் பஸ் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தது. இப்படியே ஊர் வராமல் போய்க்கொண்டே இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

பின்னால் குமரன் யாரிடமோ போனில் பேசினார். "ஆபரேஷன் இல்லடா. மேடம் சொல்ட்டாங்க."

மேடம் சொல்ட்டாங்க. அதைக் கேட்ட பிறகு என்னால் உட்கார முடியவில்லை. திரும்பினேன்.

"குமரா, போன வைபா. நான் ஒண்ணு சொல்லணும். நான் அலசினது ஒரே ஒரு தண்ணிதான்."

அவர் முதலில் புரிந்துகொள்ளவில்லை. பிறகு புரிந்தது. அவர் முகத்தில் நடந்ததை எழுத எனக்கு மனமில்லை.

"அப்ப பாப்பாவுக்கு அந்த நோவு இல்லியா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

"சுகன்யாவ மறுபடி ஆபரேஷனுக்கு ரெடியா இருன்னு சொல்லணுமா?"

"அதுவும் தெரியாதுபா. டாக்டர்கிட்ட இப்பவே பேசறேன்."

முன் சீட்டு அம்மாள் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். குமரன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நேத்து எங்கம்மா வேண்டுதல முடிக்கக் கோயிலுக்கே போய்ட்டு வந்துட்டாங்க மேடம்," என்று மட்டும் சொன்னார்.

டாக்டருக்கு பஸ்ஸிலிருந்தே போன் செய்தேன். ஒரு தண்ணி குறைந்தது, ஒப்பிட்டது பழைய குழாய், ஆகவே நேற்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மூன்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"மறுபடி இரத்தம் வேணும்னு சொல்றீங்க," என்றார். "அந்தக் குழந்தைக்கு இரத்தம் உறையறதே கஷ்டம். ஒவ்வொரு ஊசிக்கும் நான் யோசிக்கிறேன். அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் டாக்டர்."

"தெரிஞ்சுமா ஒரு வாஷ விட்டீங்க?"

"ஆமா டாக்டர்."

அவர் கோபத்தை அதோடு நிறுத்திக்கொண்டார். "திங்கட்கிழமை இடத்த இன்னிக்கு மதியம் வேற குழந்தைக்குக் குடுக்கறதா இருந்தேன். குடுக்கல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கேன். அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும். தெரியாதுன்னா தெரியாதுன்னே சொல்லுங்க, அதுவும் பதில்தான்." நான் சத்தமில்லாமல் செய்து பார்த்துக்கொண்டிருந்தால், மதியத்துக்குமேல் அந்த இடம் இருந்திருக்காது. உங்களில் யாராவது அந்த அன்பான குரலைக் கேட்க நேர்ந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குமரன் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி அப்படியே சென்னை பஸ் ஏறினார். மூன்று மணிக்கு அதே தெர்மாகோல் பெட்டியோடு திரும்பி வந்தார். இந்தத் தடவை என்னிடம் கொடுக்கும்போது பெட்டியைச் சட்டென்று விட்டுவிட்டார். அவர் என்னை நம்பவில்லை என்பது அதில் தெரிந்தது. நம்பாதது நியாயம்தான்.

ஒப்பிட என்ன செய்வது? நான் கையை நீட்டி என் இரத்தத்தையே எடுக்கச் சொன்னேன். அந்த நிமிஷத்திலேயே, குழந்தையுடைய அதே அளவில், அதே மாதிரிக் குழாயில். பக்கத்து மேசையில் வேலை செய்த பெண்ணிடம் இரண்டு குழாய்க்கும் ஒன்று, இரண்டு என்று எண் போடச் சொல்லி, எது யாருடையது என்பதை எனக்குச் சொல்லக் கூடாது என்றேன். எனக்கு அந்தக் குழந்தைமேல் ஆசை வந்துவிட்டது, ஆசை வந்தவள் கண்ணை நம்ப முடியாது. இரண்டு குழாயையும் மூன்று தண்ணி அலசினேன். மூன்றாவது தண்ணியின்போது, போனால் போகட்டும், சுத்தமான கொஞ்சம் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை முழுக்க அந்தக் கட்டிடத்தில் நானும் அந்தப் பெண்ணும் இரண்டு பேர்தான். ஜெல் ஓடிக்கொண்டிருக்க, நான் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு மாதிரி நிலை அது. என்னுடையதும் அந்தச் சின்னப் பெண்ணுடையதும் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் இருட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. தண்ணீருக்கடியில் இருவர் கைகோக்காமல் நடந்து போவது போல எனக்குத் தோன்றியது. நில்லு, நில்லு என்று யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. நான் மேலே நிற்க வேண்டும், அவள் கீழே போக வேண்டும். அவள் கீழே போனால்தான் அவள் பிழைப்பாள். எந்தத் தாயும் புரிந்துகொள்ளாத வேண்டுதல் அது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் வந்தது. ஒன்றாம் எண் மேலே நின்றது, கல்லுப் போல. இரண்டாம் எண்ணில் பெரும்பகுதி கீழே போயிருந்தது. ஆனால் முழுக்கப் போகவில்லை. உற்றுப் பார்த்தால் மேலே ஒரு மெல்லிய கோடு, பனிக்குள் தெரியும் வரப்பைப் போல. முதல் படத்தில் அந்தக் கோடு இல்லை. அந்தக் குழந்தையின் செல் ஏதோ கொஞ்சம் கந்தகத்தை வைத்துக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து மேசைப் பெண் சீட்டைப் பிரித்துக் காட்டினாள். ஒன்று நான், இரண்டு பாப்பா.

டாக்டரிடம் பார்த்ததைச் சொன்னேன், பார்க்காததையும் சொன்னேன். "அந்த நோய்தான் டாக்டர். கொஞ்சம் வேலை நடக்குது, ஆனா போதாது. காத்திருந்தா தேற வாய்ப்பு இருக்குன்னு காட்டுது. தேறற வரைக்கும் ஈரல் தாங்குமான்னு இது சொல்லாது."

"அத நான் பாத்துக்கறேன்," என்றார். பிறகு, "அம்மா உங்ககிட்ட பேசணுமாம்," என்று போனைக் கொடுத்தார்.

சுகன்யாவின் குரலை அப்போதுதான் முதல்முறை கேட்டேன். சின்னப் பெண் குரல். "மேடம், இப்ப எத்தினி தண்ணி அலசினீங்க?"

"மூணுமா."

"சரி. அப்ப காத்துக்கினு இருக்கேன்."

அவள் காத்திருந்தாள். ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் நடுவில் இரண்டு தடவை குழந்தை கைவிட்டுப் போகிற மாதிரி ஆகி, டாக்டர் ஆபரேஷன் அறையைத் தயாராக வைக்கச் சொன்னார். இரண்டு தடவையும் மீண்டது. குழந்தைக்கு ஐந்தாம் மாதம் முடிகிற சமயத்தில், கண்ணின் ஓரத்திலிருந்து வெள்ளை திரும்பி வர ஆரம்பித்ததாகக் குமரன் எனக்கு போனில் சொன்னார். அன்று நான் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தேன். யாருக்கும் தெரியாது, இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஆய்வகத்தில் அப்போதிருந்த மேலதிகாரி, முடிவு மாறவில்லையே, முதல் பரிசோதனையை எதற்கு நோட்டில் எழுதிக்கொண்டு என்றார். முடிவு மாறவில்லை என்பது என் அதிர்ஷ்டம், என் திறமை இல்லை என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, போய்ப் படித்துப் பாருங்கள். என் கையெழுத்து சகிக்காது.

மூன்று வருஷம் கழித்துக் காது குத்துக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குள் நுழைந்தபோது முன்கட்டில் தறிச் சத்தம். பின்கட்டுக் குழாயடியில் சுகன்யா மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், உட்காருமா என்று நானும் பக்கத்தில் குந்தினேன். தண்ணீரில் வெயில் விழுந்து அந்தச் சின்ன இடமே மினுங்கிக்கொண்டிருந்தது. நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"அந்த ரெண்டு நாள் உன்னப் போட்டு அலைக்கழிச்சிட்டேன்மா. அதுக்காக இன்னி வரைக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்குது."

அவள் குழந்தையின் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "மொத தடவ ஆபரேஷன் வாணாம்னு சொன்னப்ப நான் நம்பவே இல்லக்கா. மாமா சந்தோசமா இட்லி வாங்கியாந்தாரு, அவருக்காகத் தின்னேன். ஆனா டாக்டர் நர்சு சொந்தக்காரங்கன்னு அதுக்கு முன்னாடியும் எல்லாரும் நல்ல சேதிதான் சொன்னாங்க. ஒண்ணும் நடக்கல. அது தப்புன்னு ஒருத்தரும் திரும்ப வந்து சொன்னதும் இல்ல. நீங்கதான் சொன்னீங்க. அதனாலதான் ரெண்டாவது தடவ சொன்னதுக்குக் காத்துக்கினு இருந்தேன். இல்லன்னா திங்கக்கெழம நானே போய் மேசையில படுத்திருப்பேன்."

அதற்குள் குழந்தை நழுவி ஈரத்தோடு ஓடிவந்து என் மடியில் மோதியது. கொடியில் கிடந்த துண்டை உருவி அவளைச் சுற்றினேன். தலையைத் துடைத்தேன், முதுகைத் துடைத்தேன். வயிற்றைத் துடைத்தேன். விலாவின் கீழே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும், ஒரு கோடு இல்லை, ஒரு தையல் தடம் இல்லை. வழவழவென்று இருந்தது. அவள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள், நான் மறுபடியும் துடைத்தேன்.

"போதும்க்கா," என்றாள் சுகன்யா. "காஞ்சிடுச்சி."